விரலிடையில் ஒரு காட்டுப்பழம்

ஆறரை அடி நூல் போதும். பருத்தி நூலாக இருந்தால் நல்லது, வழுக்கும் நைலான் வேண்டாம். இரு முனைகளையும் சேர்த்துச் சின்ன முடிச்சாகப் போட்டால் ஒரு வளையம். அதை இரு கை விரல்களிலும் மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் எடுத்து, இன்னொரு விரலால் விட்டு, கோத்து, திருப்பி, விரித்தால் கட்டில் தெரியும், வலை தெரியும், நண்டு தெரியும், விண்மீன் தெரியும். காட்டிலும் கடலோரத்திலும் உணவு திரட்டி வாழ்ந்த மக்கள் பலர் தாங்கள் தின்ற கிழங்கையும் கனியையும்கூட இப்படி விரல்களுக்கிடையே கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் நண்பர் இதைப் பற்றிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நம்ம பக்கத்துச் சூரைப்பழம், காரைப்பழம், ஈச்சம்பழத்துக்கெல்லாம் நூல்ல உருவம் செஞ்சு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா சார்? நம்ம பாரம்பரியம்னு சொல்லலாமா?" ஒரு மூச்சில் கேட்டாலும் அவை இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் எளிது: தாராளமாகச் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் நிதானம் வேண்டும். நூல் உருவம் என்பது என்ன, அது எதை எப்படிக் காட்டுகிறது, ஒரு மண்ணுக்கு உரியதாக அது எப்போது ஆகிறது என்று புரிந்தால் பதில் தானாக வரும்.

முதலில் விலக வேண்டியது, நூல் உருவம் ஒரு படம் என்ற எண்ணம். விரித்துப் பிடித்த கடைசி நிலையைப் புகைப்படம் எடுத்தால் மிஞ்சுவது சில சாய்சதுரங்களும் முக்கோணங்களும்தான். நூல் இழுவையில் இருக்கும் பொருள். அது நேர்கோடாகத்தான் நிற்கும், வட்டமாக நிற்காது. பழமோ உருண்டை. ஆகவே பழத்தை அப்படியே வரைந்து காட்டுவது நூலின் வேலை இல்லை. அதற்குக் கைவசம் இருப்பவை எண்ணிக்கை, இடம், அசைவு. எத்தனை கண்ணிகள், அவை எங்கே தொங்குகின்றன, இழுத்தால் நிற்கின்றனவா அவிழ்கின்றனவா. இவற்றோடு செய்பவர் சொல்லும் பெயரும் ஒரு சிறு கதையும் சேரும்போதுதான் எதிரே இருப்பவர் கண்ணில் பழம் தெரிகிறது.

கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்த ரௌஸ் பால் 1920இல் நூல் விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது வள்ளிக்கிழங்குத் திருடன் என்ற வித்தையைச் சேர்த்திருக்கிறார். இடது கையில் நூலைத் தொங்கவிட வேண்டும். பெருவிரல் தோட்டக்காரர், அவர் தூங்குகிறார். திருடன் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து வந்து ஒரு கிழங்கைத் தோண்டுகிறான். வலது கை ஒரு நூலை முறுக்கி இழுத்து இடது ஆள்காட்டியில் மாட்டுகிறது. அடுத்த கிழங்கு நடுவிரலுக்கு, அடுத்தது மோதிர விரலுக்கு. இப்படி மூட்டை கட்டி முடிக்கும்போது தோட்டக்காரர் விழித்துக்கொள்கிறார். பெருவிரல் நூலை விட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அத்தனை கட்டும் ஒரே நொடியில் கழன்று விழுகிறது. கிழங்கும் இல்லை, திருடனும் இல்லை. இதே வித்தையை ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளில் எலி என்று அழைக்கிறார்கள். கைவேலை ஒன்றேதான். கிழங்கு விளையும் தோட்டத்தை மனதில் வைத்தவருக்கு அது திருட்டு, எலி ஓடும் குடிசையை மனதில் வைத்தவருக்கு அது எலி. இதில் எந்த நிலையைப் புகைப்படம் எடுத்தால் கிழங்கு தெரியும்? எதிலும் தெரியாது. கதையோடு கை ஓடினால் மட்டும் தெரியும்.

பெயர் மாறுவதற்கு இன்னும் தெளிவான சாட்சி கிழக்கே கிடைக்கிறது. இருவர் மாற்றி மாற்றி எடுத்து விளையாடும் நூல் ஆட்டம் ஆங்கிலேயருக்குப் பூனைத்தொட்டில். அதில் வரும் நிலைகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் தொட்டில், படைவீரன் கட்டில், மெழுகுவத்தி, மாட்டுத்தொட்டி, வைரம் என்று போகும். ஸ்டூவர்ட் கியூலின் 1895இல் கொரிய விளையாட்டுகளைப் பற்றி வெளியிட்ட நூலில் அதே நிலைகளுக்கு வேறு பெயர்கள். தொட்டில் அங்கே பாடை மூடும் துணி. கட்டில் சதுரங்கப் பலகை. மெழுகுவத்தி சாப்பிடும் குச்சி. மாட்டுத்தொட்டி மாட்டின் கண். வைரம் நெல் குற்றும் உலக்கை. ஒரே நூல், ஒரே விரல், ஒரே கோணம். ஒரு வீட்டில் வைரம், இன்னொரு வீட்டில் உலக்கை. நெல் குற்றிய ஊரில் உலக்கை என்று பெயர் வந்ததில் வியப்பில்லை.

அந்த உலக்கையைப் பிடித்துக்கொண்டே நம் ஊருக்கு வரலாம். புதுக்கோட்டைக் கிராமங்களில் உலக்கை செய்ய ஏற்ற கனமான மரம் பாலை. அதனாலேயே அதற்கு உலக்கைப்பாலை என்று பெயர். அந்த மரம் வெயில் காலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பழம் தரும். தின்றால் பாலின் பிசுபிசுப்பில் உதடு ஒட்டிக்கொள்ளும். இலங்கையில் வன்னிக்காட்டை ஒட்டி வாழும் தமிழர்களும் பாலைப்பழத்தை அந்த உதட்டு ஒட்டலோடுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு மரம், ஒரு கருவி, ஒரு சுவை, ஒரு தொந்தரவு. இத்தனையும் சேர்ந்ததுதான் ஒருவர் மனதில் பாலை. பெயர் வைப்பவர் இவற்றில் எதை எடுப்பார் என்பது அவர் அந்த மரத்தோடு எப்படிப் பழகினார் என்பதைப் பொறுத்தது.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் கடற்கரை வரை போகும் பாதையின் இருபுறமும் இருந்த இயற்கைக் காடு பெரிய காடல்ல. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர் சொல்லும் வகை அது. மழை சில மாதங்களே பெய்தாலும் இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டை மரங்கள், முள்புதர்கள், அவற்றின்மேல் படரும் கொடிகள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி இருந்த அந்தக் காட்டில் இன்று மிச்சம் இருப்பது பெரும்பாலும் கோயில்காடுகளில் சிதறிய துண்டுகளாகத்தான். அய்யனாருக்கும் காளிக்கும் பயந்து கத்தி வைக்காமல் விட்ட இடங்கள் அவை. வெளியே தைலமரமும் சீமைக்கருவேலும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரிய மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனது.

அந்தப் புதர்க்காட்டின் பழங்களை நினைத்துப் பாருங்கள். காரை, எதிரெதிராக முள் வைத்த செடி, பழுத்தால் மஞ்சள். காரைக்குடிக்கு அந்தச் செடியால்தான் பெயர் வந்தது என்பார்கள். சூரை, கொக்கி போல வளைந்த முள், கறுப்பாகச் சின்னப் பழம், புளிப்பு. களா, பறித்த இடத்தில் பால் வடியும், காயாக இருந்தால் நாக்கு துவர்த்துப் போகும். சங்கஞ்செடி, நான்கு நான்காக நிற்கும் முள்ளுக்கு நடுவில் வெள்ளை முத்துப் போலப் பழம். ஈச்சை, குலை குலையாகக் கறுக்கும், சதை கொஞ்சம், கொட்டை அதிகம். வீரை, சிவப்பு. நாவல், நாக்கு முழுக்க ஊதா. கடலை நெருங்கினால் உகா.

இந்தப் பட்டியலை நிறத்துக்காகச் சொல்லவில்லை. சூரைப்பழத்தைத் தின்றவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பழம் அல்ல, முள். கை உள்ளே போகும், வெளியே வராது. பின்னால் தள்ளி, திருப்பி, மெதுவாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சட்டை கிழியும். ஈச்சையில் நினைவுக்கு வருவது ஒற்றைப் பழம் அல்ல, குலை. சங்கஞ்செடியில் அந்த நான்கு முள்ளும் நடுவிலுள்ள வெள்ளையும். நூலுக்கு வட்டம் வராது என்றேன். ஆனால் மாட்டிக்கொண்டு திருப்பினால் விடுபடும் கொக்கி வரும். ஒரு நூலில் வரிசையாகத் தொங்கும் கண்ணிகள் வரும். நான்கு கோடு சேரும் இடத்தில் ஒரு சிறு முடிச்சு வரும். பழத்தின் உருவத்தை விடப் பழத்தை எடுக்கும் கையின் வேலை நூலுக்கு நெருக்கம். பழங்குடி மக்களின் நூல் உருவங்கள் வெளியார் கண்ணுக்கு எதைப் போலவும் இல்லாமல், செய்பவருக்கும் அவர் ஊராருக்கும் உடனே விளங்குவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் அந்தச் செடிக்குள் கை விட்டவர்கள்.

பப்புவா நியூகினியின் கிவாய் மக்களிடம் இந்த நெருக்கம் இன்னும் ஒரு படி போகிறது. வள்ளிக்கொடி முளைத்துக் கொம்பைச் சுற்றத் தொடங்கும் பருவத்தில் அவர்கள் நூல் விளையாடுவார்கள். விளையாடிய நூலைத் தோட்டத்தில் கொண்டு போய்க் கொடியருகே வைப்பதும் உண்டு. கொடி அதைப் பார்த்துச் சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்களில் சிலர், சூரியன் தாழ்ந்து மறையப் போகும் இலையுதிர் காலத்தில் அதன் கால்களை நூலில் சிக்க வைப்பதற்காக விளையாடினார்கள். அவர்களிடையே சிறுவர்களுக்கு மட்டும் இந்த ஆட்டத்துக்குத் தடை இருந்ததையும் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் எழுதியிருக்கிறார். பெரியவனாகி ஈட்டி எறியும்போது அதன் கயிற்றில் விரல் சிக்கிவிடும் என்ற அச்சம். அமெரிக்காவின் நவஹோ மக்கள் சிலந்தி உறங்கும் குளிர்காலத்தில் மட்டும் நூலைக் கையில் எடுப்பார்கள், அவர்களுக்கு அது சிலந்திப்பெண் கற்றுத் தந்த கலை. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் ஒரு செய்தி கைநழுவும். நூல் உருவத்துக்குப் பருவம் உண்டு. பழத்துக்குப் பருவம் இருப்பதைப் போலவே.

இந்தக் கைவேலையை முறையாக எழுதி வைக்கத் தொடங்கியது ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்புதான். பவளத்தையும் கடல் உயிர்களையும் ஆராய 1888இல் டோரஸ் நீரிணைக்குப் போன ஆல்ஃப்ரட் ஹாடன், அங்கிருந்த மனிதர்களிடம் மனம் போய், 1898இல் மருத்துவர் ரிவர்ஸ் முதலியோரோடு திரும்பப் போனார். எந்த விரலின் எந்த நூலை, எந்தப் பக்கத்திலிருந்து, எந்த விரல் எடுக்கிறது என்று குழப்பமில்லாமல் எழுதும் முறையை இருவரும் சேர்ந்து 1902இல் வெளியிட்டார்கள். நூல் உருவம் ஒரு வரிசை என்பதை அந்த முறை ஏற்றுக்கொண்டது, அதுதான் அதன் பெருமை. கரோலின் ஃபர்னஸ் ஜேன் 1906இல் வெளியிட்ட பெரிய தொகுப்பு அந்த முறையை ஒட்டித்தான் எழுதப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் நிலத்தில் யிர்க்காலா என்ற ஊரில் 1948இல் ஃபிரெடரிக் மெக்கார்த்தி 193 உருவங்களைச் சேர்த்து அட்டையில் ஒட்டி அருங்காட்சியகத்துக்குக் கொண்டு வந்தார். தென் அமெரிக்காவின் சாக்கோ காட்டு மக்களின் நூல் உருவங்களை ஹோசே பிரவுன்ஸ்டைன் பதிவு செய்தார். அந்தச் சாக்கோவில் மக்கள் திரட்டித் தின்னும் மிஸ்டோல் என்ற பழம் நம் இலந்தைக்கும் சூரைக்கும் ஒரே குடும்பம். அவர்கள் மாவாக்கி உண்ணும் அல்கரோபா என்ற காய் நம் சீமைக்கருவேலின் உறவு. நமக்குத் தொல்லையாய் வந்த மரத்தின் சொந்தக்காரர்களுக்கு அது சோறு.

ஹாடனைப் போலவே கடலிலிருந்து நூலுக்கு வந்த இன்னொருவரும் உண்டு. ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக 1918 முதல் 1924 வரை இருந்தவர். சங்கு குளிப்பையும் முத்துக் குளிப்பையும் பற்றி எழுதியவர், மீமிசலும் கோட்டைப்பட்டினமும் பார்க்கும் அதே பாக் நீரிணைக் கடல் அவருக்குத் தொழிற்களம். அவர் ஃபிஜியிலும் மேற்குப் பாலினீசியாவிலும் சேர்த்த நூல் உருவங்கள் 1927இல் வந்தன. குஜராத், கத்தியவார் பகுதிகளில் சேர்த்தவற்றை 1932இல் வங்காள ஆசியக் கழகம் வெளியிட்டது. இத்தனை ஆண்டு நம் கரையில் இருந்தவர் இங்குள்ள ஒரு திண்ணையில் உட்கார்ந்து நூல் கேட்டு ஒரு தொகுப்பு போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இனி ஆசிரியர் நண்பரின் இரண்டாவது கேள்வி. அதற்கு முன் ஒரு உருவத்தைக் கையால் செய்து பார்ப்பது நல்லது, கையில் செய்யாதவரிடம் இந்தப் பேச்சு காற்றோடு போகும். நான்கு சாய்சதுரம் வரிசையாக வரும் உருவம் இது. ஜேன் இதை ஓசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவரிடம் 1904இல் செயின்ட் லூயி கண்காட்சியில் கற்றார். இங்கிலாந்தில் இதற்கு யாக்கோபின் ஏணி என்று பெயர். ஹவாய்த் தீவிலும் இது உண்டு.

உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க, விரல்கள் மேலே நிற்க வைத்துக்கொள்ளுங்கள். வளையம் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் போய், உள்ளங்கையின் குறுக்கே கடக்க வேண்டும். வலது ஆள்காட்டியால் இடது உள்ளங்கை நூலை அடியிலிருந்து கோத்து இழுங்கள். இடது ஆள்காட்டியை, வலது ஆள்காட்டியில் இருக்கும் வளையத்துக்குள் நுழைத்து, வலது உள்ளங்கை நூலைக் கோத்து இழுங்கள். உலகின் எண்ணற்ற உருவங்களுக்கு இதுதான் தொடக்கம். பிறகு பெருவிரல்களை விடுவியுங்கள். பெருவிரல்கள் எல்லா நூல்களுக்கும் அடியில் போய், கடைசியில் இருக்கும் தூர நூலை முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பட்டும். அடுத்து, பெருவிரல் தனக்கு அடுத்த நூலைத் தாண்டி, அதற்கும் அடுத்ததை அடியிலிருந்து ஏந்தட்டும். சுண்டுவிரல்களை விடுவியுங்கள். சுண்டுவிரல் தனக்கு அடுத்த நூலைத் தாண்டி, அதற்கும் அடுத்ததை அடியிலிருந்து ஏந்தட்டும். மறுபடி பெருவிரல்களை விடுவியுங்கள். பெருவிரல் ஆள்காட்டியின் இரு நூல்களையும் தாண்டிப் போய், சுண்டுவிரலின் அருகு நூலை ஏந்தி வரட்டும்.

இதுவரை வந்தவர்கள் இங்கே மூச்சு விடலாம், அடுத்ததுதான் சிக்கல். ஆள்காட்டியை ஒட்டி இருக்கும் அருகு நூலை எடுத்துப் பெருவிரலுக்கும் சேர்த்து மாட்டுங்கள். இப்போது பெருவிரலில் இரண்டு வளையம். கீழே உள்ளதை மட்டும் மேலே உள்ளதைத் தாண்டிக் கழற்றி விடுங்கள். பெருவிரல் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் கிடைக்கும். ஆள்காட்டி நுனியை மேலிருந்து அதற்குள் இறக்கி, சுண்டுவிரல்களை விடுவித்து, உள்ளங்கைகளை வெளிப்பக்கம் திருப்பி விரியுங்கள். நான்கு சாய்சதுரம்.

முதல் முறை வராது. பத்தாவது முறை வரும். வந்த பிறகு அதை ஏணி என்று சொல்லத் தோன்றாத ஒரு பிள்ளை ஆவுடையார்கோவிலில் இருக்கலாம். கொடியில் வரிசையாகத் தொங்கும் நாலு கோவைப்பழம் என்று அது சொல்லலாம். அந்த நிமிடத்தில் அந்தப் பிள்ளை செய்தது மிக உண்மையான செயல். கொரியாவில் உலக்கை என்று சொன்னவர் செய்ததும் அதையேதான்.

ஆனால் அதை அப்படியே துண்டறிக்கையில் "ஆயிரமாண்டுத் தமிழ் மரபுக் கோவைப்பழ நூல் உருவம்" என்று அச்சடித்தால் பொய்யாகிவிடும். இங்கேதான் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கைவேலை பொது. அதை ஓசேஜ் மக்களும் ஹவாய் மக்களும் பிறரும் செய்திருக்கிறார்கள். யார் யாரிடம் கற்றார் என்று உருவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஒரே வளையமும் பத்து விரலும் உள்ளவர்கள் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேரவும் கூடும். கிரேக்க மருத்துவர் ஹெராக்ளாஸ் முதல் நூற்றாண்டில் உடைந்த தாடையைத் தாங்கிக் கட்டுவதற்கு எழுதி வைத்த ஒரு கண்ணி, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் மேகம் மூடிய சூரியன் என்று காட்டும் உருவத்தோடு ஒத்துப்போகிறது. அதை வைத்துக் கிரேக்கர் ஆஸ்திரேலியா போனார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பெயர் இந்த ஊருடையது, பழமும் இந்த ஊருடையது, பெயர் வைத்த நாள் இந்த ஆண்டு. மூன்றையும் மூன்றாகவே எழுதினால் போதும். "கைவேலை ஜேன் தொகுப்பில் உள்ளது. பெயர் எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்தது" என்று எழுதுவதில் என்ன குறைச்சல்? ஓசேஜ் மக்களுக்குச் சேர வேண்டிய மதிப்பும் சேர்ந்துவிடுகிறது, பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதும் சேர்ந்துவிடுகிறது.

மாறாக, ஒரு அப்பத்தா தன் அப்பத்தாவிடம் கற்றதாகச் சொல்லி ஒரு உருவத்தைச் செய்து காட்டினால் அது வேறு வகை. அதற்கு அவர் சொல்லும் பெயரே பெயர். அது யாக்கோபின் ஏணியைப் போல இருக்கிறதே என்று நாம் திருத்தக் கூடாது. அவர் ஈச்சங்குலை என்றால் ஈச்சங்குலை. அதோடு சேர்த்து அவர் சொல்லும் சொல், சிரிப்பு, இந்த இடத்தில் இழுக்கணும் இந்த இடத்தில் விடணும் என்ற பேச்சு அத்தனையும் எழுதப்பட வேண்டும்.

கை அறிந்த வேலையைப் பற்றிச் சொல்லும்போது, திருப்பெருந்துறை என்னும் ஆவுடையார்கோவிலின் கொடுங்கை, அதாவது வளைந்த கூரை விளிம்பு, நினைவுக்கு வராமல் போகாது. அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டமும் குறுக்குச் சட்டமும் அவற்றை இறுக்கிய ஆணியும் கயிறும் தெரியும். அத்தனையும் கருங்கல். மரத்தில் கட்டிய கூரை எப்படி இருக்கும் என்று விரலறிந்த ஒருவர்தான் அதைக் கல்லில் கொண்டு வந்திருக்க முடியும். ஒப்பந்தம் எழுதும் சிற்பிகள் ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக வேறு எதையும் செய்து தருவோம் என்று எழுதுவார்கள் என்ற வழக்கு இன்றும் சொல்லப்படுகிறது. கல்லில் வேலை தொடங்கும் முன் அவர்களும் நூல்தான் அடிப்பார்கள். நூல் அடித்த கோட்டில்தான் உளி போகும்.

அதே கோயிலில் தல மரம் குருந்தம். மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த இடத்தில் குருவாக இறைவன் அமர்ந்தது குருந்த மரத்தடியில் என்பது தல வரலாறு. குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசையிலும் குருந்துக்கு இடம் உண்டு. அது எலுமிச்சைக் குடும்பத்துக் காட்டுமரம். முள் இருக்கும், இலையைக் கசக்கினால் நாரத்தை வாசம் வரும், சின்ன எலுமிச்சை போலக் காய்க்கும். தல மரமாக அதைச் சுற்றி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது காட்டுக்காய் என்று தெரியும் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. காட்டில் குருந்தைப் பார்க்காத பிள்ளைக்கு நூலில் குருந்தங்காய் செய்யச் சொல்லிக் கொடுத்தால் அது வெறும் முடிச்சு. ஆகவே வரிசை முக்கியம். முதலில் பழம், பிறகு நூல். கோயில்காட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், சூரை முள்ளில் ஒரு முறை சட்டை மாட்டட்டும், களாக்காய் ஒன்றைக் கடித்து முகம் சுளிக்கட்டும். தின்னலாமா கூடாதா என்று தெரியாத காயைத் தொடாமல் இருக்கவும் அங்கேயே கற்கலாம், கூட ஒரு பெரியவர் இருப்பது அதற்காகத்தான்.

பதிவு செய்வதில் செடிகளுக்கு ஒரு நல்ல முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் பாதிரியார் கே. எம். மேத்யூ தொடங்கிய ராபினாட் உலர்தாவர நிலையம், சமவெளித் தமிழகத்தின் செடிகளை ஊர் ஊராகச் சேகரித்து, எண்ணிட்டு, பறித்த இடமும் நாளும் எழுதி வைத்திருக்கிறது. அந்த உழைப்பிலிருந்து தமிழகச் சமவெளியின் தாவரத் தொகுதிகள் 1980களின் தொடக்கத்தில் வந்தன. ஒரு கிளையை அழுத்திக் காயவைத்தால் செடிக்குச் சாட்சி ஆகிவிடுகிறது. கைவேலைக்கு அப்படி அழுத்தி வைக்க ஒன்றும் இல்லை. கடைசி நிலையை அட்டையில் ஒட்டலாம், யிர்க்காலாவில் செய்தது போல. ஆனால் அட்டையை மட்டும் பார்த்துத் திரும்பக் கட்டுவது மிகக் கடினம். விரல் விரலாக எழுதினால்தான் இன்னொரு கை அதைச் செய்யும். நம் பிள்ளைகளுக்கு அந்த மொழி கடினம் அல்ல. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். அருகு நூல், தூர நூல். தாண்டி, அடியில், ஏந்தி, விட்டு, மாட்டி. இருபது சொல்லுக்குள் எந்த உருவத்தையும் எழுதிவிடலாம். நன்னூல் தொடக்கத்தில் பஞ்சையும் நூற்பையும் வைத்துத்தான் நூல் என்ற சொல்லுக்கே விளக்கம் தருகிறார் பவணந்தி முனிவர். தமிழில் இழையும் நூல், ஏடும் நூல். கண்ணி என்றாலும் அப்படித்தான், சுருக்குக்கும் பெயர், பாட்டின் இரண்டடிக்கும் பெயர்.

ஆசிரியர் நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பிள்ளைகளைப் புதிதாகச் செய்ய விடுங்கள், புதிது என்று எழுதுங்கள். பழையது கிடைத்தால் யாரிடம் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். அவர் கடைசியாக ஒன்று கேட்டார், "ஊர்ல பெரியவங்ககிட்ட போய் எப்படிக் கேக்குறது?" வாயால் கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் மறந்துபோச்சு தம்பி" என்றுதான் வரும். அது உண்மைதான், வாய்க்கு மறந்துதான் போயிருக்கும். கையில் ஒரு வளையத்தைக் கொடுத்துவிட்டு வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். வெற்றிலை போட்டுக்கொண்டே விரல் தானாக எதையாவது தேடத் தொடங்கும். தொடங்கியதும் எதிரே உட்கார்ந்து பார்க்காதீர்கள், எதிரே இருந்தால் இடமும் வலமும் மாறிப் பதிவு முழுக்கத் தலைகீழாகும். எழுந்து போய் அவர் பக்கத்தில், அதே திசை பார்த்து உட்காருங்கள். இன்னொரு நூல் வளையம் உங்கள் கையிலும் இருக்கட்டும்.